வியாக்கியானம் வேண்டாத நாடகம்

சாமுவேல் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' 1953இல் பாரிஸில் அரங்கேறியபோது நாகரிக ரசிகர்களிலேயே சிலர் சலித்து எழுந்து போனதுண்டு. ஆனால் 1957இல், பெண் பாத்திரமே இல்லாத சௌகரியத்தை முன்னிட்டு அது கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் சுமார் 1,400 கைதிகளின் முன் நடிக்கப்பட்டபோது, வராதவனுக்காகக் காத்திருப்பதன் வேதனையை எவருடைய வியாக்கியானமும் இன்றி அவர்கள் கிரகித்துக்கொண்டார்கள். வாழ்வின் அபத்தத்தை ஆல்பர் காமு தர்க்கத்தால் ஸ்தாபிக்க முற்பட்டார். பெக்கெட்டோ, கழலாத பூட்ஸோடு ஒருவன் மல்லுக்கட்டுவதையும், மொட்டை மரத்தில் மறுநாள் நாலைந்து இலைகள் துளிர்த்திருப்பதையும் காட்டி, பொழுது நகராத அவஸ்தையைப் பார்வையாளன் தலையிலேயே சுமத்திவிடுகிறார். சித்தாந்தத்தைப் பிரசங்கிக்காமல் அனுபவமாக்குவதே நாடகத்தின் தர்மமாதலால், இருத்தலியல் கிரந்தங்களைக் கரைத்துக் குடித்தவனுக்கே இது விளங்குமென்று மிரட்டும் விமர்சகர்களை நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை.