ஹெம்ப் போட்டால் லட்சமா? முன்பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்!

ஆலங்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. கஜா புயலில் தென்னை எல்லாம் போய்விட்டது. அதன்பிறகு போட்ட எதுவும் கைக்கு நிற்கவில்லை. 'ஹெம்ப்' என்று ஒரு பயிர் இருக்கிறதாம். வடக்கே அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறதாம். விதையும் தருகிறோம், விளைச்சலையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?"

கட்ட வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதை இனி நிதானமாகப் பார்க்கலாம். இதே கேள்வி வேறு பலர் மனசிலும் இருக்கும். தைலமரத்தை வெட்டிவிட்டு மாற்றுப்பயிர் தேடுகிறவர்கள், வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை ஊரில் நிலத்தில் போட நினைக்கிறவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய விஷயம் இது.

ஹெம்ப் என்றால் என்ன?

சுற்றி வளைக்காமல் சொன்னால், ஹெம்ப் என்பது கஞ்சாச் செடிதான். கனாபிஸ் என்ற ஒரே தாவரம். அதில் போதை தரும் பொருளுக்கு டி.ஹெச்.சி என்று பெயர். அது மிகக் குறைவாக உள்ள ரகங்களை நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கும்போது 'தொழில்துறை ஹெம்ப்' என்கிறார்கள். தண்டிலிருந்து துணி, கயிறு, காகிதம் செய்யலாம். விதையில் எண்ணெய் எடுக்கலாம்.

இலையைப் பார்த்தோ, முகர்ந்து பார்த்தோ இது ஹெம்ப், அது கஞ்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வடக்கே அனுமதி கொடுத்தது உண்மையா?

உண்மைதான். 2018-ல் உத்தராகண்ட் அரசு தொழில்துறை ஹெம்ப் பயிரிட உரிமம் கொடுத்தது. இந்தியாவில் அதுதான் முதல் முறை. டி.ஹெச்.சி 0.3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. பக்கத்து மாநிலமான ஹிமாச்சலப் பிரதேசம் 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்கள் மூலம் சோதனை முறையில் ஆய்வு செய்ய ஒப்புதல் தந்தது.

உத்தராகண்டுக்கு ஏன் இந்த யோசனை வந்தது? பௌரி, அல்மோரா பக்கத்து மலைக் கிராமங்களில் இந்தச் செடி காலம் காலமாகத் தானாகவே முளைக்கிறது. விதையை வறுத்து அரைத்துத் துவையல் செய்வது அங்கே வீட்டுச் சமையல். தண்டு நாரில் கயிறு திரிப்பார்கள். இன்னொரு பக்கம், பிழைப்புத் தேடி இளைஞர்கள் சமவெளிக்கு இறங்கிவிட, பல கிராமங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. மிச்சமிருப்பவர்கள் போடும் பயிரைக் காட்டுப்பன்றியும் குரங்கும் அழிக்கின்றன. இந்தச் செடியை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால்தான் அரசு இதைக் கையில் எடுத்தது.

அங்கேயும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. உள்ளூர் விதையைப் போட்டால் டி.ஹெச்.சி 0.3 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வரம்புக்குள் நிற்கும் விதை தேவையான அளவு கிடைப்பதில்லை. செடி தானாக முளைக்கிற ஊரிலேயே இதுதான் நிலைமை.

நம் மண்ணில் வருமா?

சட்டத்தை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, விவசாயியாக மட்டும் யோசிப்போம்.

பௌரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரான ஊர். அங்கே செடி கோடையில் முளைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் வளரும். மழை ஓய்ந்த அக்டோபர், நவம்பரில் அறுவடைக்கு வரும். பூவும் விதையும் முற்றும் நேரத்தில் வானம் தெளிவாக இருக்கும்.

நமக்கு அப்படியே தலைகீழ். அக்டோபரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையே தொடங்குகிறது. புயல் வந்தால் அதுவும் அந்த மாதங்களில்தான். பூ இறுகி வரும் நேரத்தில் மழையும் ஈரக்காற்றும் பிடித்தால் சாம்பல் பூஞ்சணம் வந்து உள்ளிருந்தே அழுக வைத்துவிடும். மழையும் குளிருமான ஐரோப்பிய நாடுகளில் திறந்தவெளியில் இதை வளர்ப்பவர்களுக்கு இலையுதிர்கால மழைதான் பெரிய எதிரி. வேரில் தண்ணீர் நின்றாலும் இந்தச் செடி தாங்காது.

அடுத்தது வெயில் நேரம். இந்தச் செடி பகல் நீளமாக இருக்கும்வரை உயரமாக வளரும். பகல் குறைந்து இரவு நீளும்போது பூக்கும். பௌரியில் கோடைப்பகல் சுமார் 14 மணி நேரம். புதுக்கோட்டையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடத்தை ஒட்டித்தான். குளிர்நாட்டு நார் ரகத்தைக் கொண்டுவந்து இங்கே போட்டால், வளர வேண்டிய வயசிலேயே பூத்துவிடும். முழங்கால், இடுப்பு உயரச் செடியில் நார் எங்கே கிடைக்கும்? 'எந்த மண்ணிலும் வரும்' என்று சொல்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதுதான் முக்கியம். வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்) கஞ்சாச் செடி பயிரிடுவதைத் தடை செய்கிறது. 20-வது பிரிவின்படி, பயிரிட்டால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொட்டியில் ஒன்றிரண்டு செடி வைத்தாலும் அதுவும் பயிரிடுவதுதான்.

நாருக்காகவோ விதைக்காகவோ பயிரிட அரசு தனி உத்தரவு மூலம் அனுமதிக்கலாம் என்று 14-வது பிரிவு சொல்கிறது. உத்தராகண்ட் பயன்படுத்தியது அதைத்தான். ஆனால் அந்த உரிமம் அந்த மாநிலத்தோடு சரி. தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு அப்படி உரிமம் தரும் திட்டம் இல்லை. வேறு மாநிலத்து உரிமத்தின் ஜெராக்ஸை யார் காட்டினாலும், அது உங்கள் கொல்லைக்குச் செல்லாது.

குத்தகைக்கு நிலம் விட்டிருப்பவர்கள் 46-வது பிரிவைக் கவனியுங்கள். தன் நிலத்தில் சட்டவிரோதமாக இந்தச் செடி வளர்வது தெரிந்தால், நிலத்துக்காரர் உடனே போலீசுக்கோ உரிய அதிகாரிக்கோ தகவல் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அவருக்கும் தண்டனை உண்டு. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு, இங்கே நிலத்தை யாரிடமோ ஒப்படைத்திருப்பவர்கள் என்ன பயிர் நிற்கிறது என்று அவ்வப்போது விசாரித்துக்கொள்வது நல்லது.

"கடையில் ஹெம்ப் விதை விற்கிறார்களே?" என்று கேட்கலாம். 2021 நவம்பரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க அனுமதித்தது. அது சாப்பிடுவதற்கான அனுமதி, விதைப்பதற்கானது அல்ல.

"ஜெர்மனியில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் பால்கனியில் வைத்திருக்கிறார்களே?" அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் வீட்டில் மூன்று செடி வரை வளர்க்கலாம். அது அந்த நாட்டுச் சட்டம். அதே செடியின் கஞ்சா 500 கிராமுக்கு மேல் கடத்தியதாக நிரூபணமானால் சிங்கப்பூரில் மரண தண்டனை. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இரண்டு நாட்டிலும் வேலை பார்க்கிறார்கள். ஓர் ஊரில் பார்த்ததை இன்னோர் ஊரில் நம்பி இறங்கக்கூடாது என்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

முன்பணம் என்றாலே உஷார்

'விதையும் எங்களுடையது, விளைச்சலையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் பணம் மட்டும் கட்டுங்கள்.' இந்தப் பாட்டு நமக்குப் புதிதா என்ன? ஈமு கோழி ஞாபகம் இருக்கும். பெருந்துறையை மையமாக வைத்து நடந்த அந்த வியாபாரம் 2012-ல் சரிந்தபோது, நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்கள் கையில் தீனி கேட்கும் பறவைகள்தான் மிஞ்சின. அதிலாவது பணம் மட்டும்தான் போனது. இதில் பணமும் போய், சிறைக்கும் போக வேண்டி வரும். பணம் வாங்கியவர் போனை அணைத்துவிடுவார். செடி நிற்பது உங்கள் பட்டாவில்.

நாம் போடக்கூடிய 'ஹெம்ப்'

'ஹெம்ப்' என்ற பெயரில் நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பயிர் இருக்கிறது. சணப்பு! ஆங்கிலத்தில் அதை 'சன் ஹெம்ப்' என்பார்கள். பெயரில்தான் ஒற்றுமை, கஞ்சாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மஞ்சள் பூ பூக்கும் பயறு வகைச் செடி. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். ஏக்கருக்கு 10 முதல் 14 கிலோ விதை போதும். 45 முதல் 60 நாளுக்குள் மடக்கி உழுதால் ஏக்கருக்கு 5 டன்னுக்கு மேல் பசுந்தழை உரமாகும். தைலமரம் நின்று சத்து உறிஞ்சப்பட்ட கொல்லைக்கு முதலில் தேவை இந்த மாதிரி வைத்தியம்தான்.

மண் தேறிய பிறகு என்ன போடலாம் என்று கேட்க வெகுதூரம் போக வேண்டாம். ஆலங்குடிக்குப் பக்கத்திலேயே வம்பனில் தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. 'வம்பன்' என்ற பெயரிலேயே உளுந்து ரகங்கள் நாடு முழுக்கப் போகின்றன. குடுமியான்மலையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. மண் பரிசோதனை அட்டையோடு ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள். கேள்வி கேட்பதற்கு அங்கே யாரும் முன்பணம் வாங்குவதில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். பணம் கேட்ட எண்ணோடு காவல் நிலையத்தில் காட்டுங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.