பாட்டில் கழுவுற படிப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை என் ரூம்மேட்டோட அப்பா ஹாஸ்டலுக்கு வந்திருந்தார். முறுக்கு, அதிரசம், எலுமிச்சை ஊறுகாய் என்று பை நிறையக் கொண்டு வந்திருந்தார். மகன் குளிக்கப் போன நேரம் பார்த்து என்னிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, நீங்க பி.காம். படிக்கிறீங்க, விவரமான புள்ள. இவன் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு எம்.எஸ்ஸி.யும் அதுலயே பண்றேங்கிறான். பாட்டில் கழுவுற படிப்புன்னு ஊர்ல சிரிக்கிறாங்க. எம்.பி.ஏ. பண்ணச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்."

நான் தலையை ஆட்டிவிட்டு ஒரு அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அந்தத் தலையாட்டலுக்கு வெட்கப்பட்டுத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். சிரித்த கூட்டத்தில் நானும் உண்டு. ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த அவன் லேப் கோட்டுக்கு 'எலி கடிச்ச கோட்டு' என்று பெயர் வைத்தது அடியேன்தான். லேபிலிருந்து அழுகின முட்டை வாசனையோடு வருவான், குளித்துவிட்டு வந்தால்தான் ரூமுக்குள் விடுவோம். ஒரு நாள், "ஒரு உப்பைக் கண்டுபிடிக்க மூணு மணி நேரமாடா? நாக்குல வச்சா தெரிஞ்சிடாது?" என்று கேட்டேன். கோபமே படாமல், "அது லெட் சால்ட்டா இருந்தா?" என்றான். கப்சிப்.

அப்புறம் சட்டை விவகாரம். மெஸ் சாம்பார் என் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிறது! சோப்புக் கம்பெனியைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன். இவன் பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து பிழிந்தான். கறை மறுபடி மஞ்சளானது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், அமிலம் பட்டால் பழையபடி திரும்பும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் சட்டை துவைத்திருக்கிறேன், ஏன் என்று ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

இன்னொரு நாள் ஹாஸ்டல் பாத்ரூமில் வேலை செய்யும் அக்கா, பிளீச்சிங் பவுடர் போட்ட தரையிலேயே ஆசிட்டையும் ஊற்றப் போனார். இவன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் பிரஷ்ஷோடு ஓடிப்போய்த் தடுத்தான். ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் 1915-ல் பதுங்குகுழிகளில் இருந்த சிப்பாய்களைக் கொல்ல உபயோகித்தது அதைத்தான். நான் அன்றைக்குப் பக்கத்திலேயே நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன்.

சரி, இதெல்லாம் வீட்டுக் குறிப்பு என்று நீங்கள் தள்ளிவிடலாம். விஷயம் அதற்கும் மேலே இருக்கிறது.

இவர்களுக்கு லேபில் ஆஸ்பிரின் செய்யச் சொல்வார்கள். சாலிசிலிக் ஆசிட்டையும் அசிட்டிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்தால் வெள்ளைப் படிகமாக வரும். வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். இல்லையாம். அதில் ஒரு துளி ஃபெர்ரிக் குளோரைடு விட்டுப் பார்க்க வேண்டும். ஊதா நிறம் வந்தால் பழைய சாலிசிலிக் ஆசிட் இன்னும் மிச்சம் இருக்கிறது, சரக்கு சுத்தமில்லை என்று அர்த்தம். "செய்யறது பாதி வேலைதான்டா. செஞ்சது அதுதானான்னு நிரூபிக்கிறது மீதிப் பாதி" என்றான்.

பி.காம். மக்களே, இதற்கு நம்ம பாஷையில் என்ன பெயர்? ஆடிட்டிங்! கம்பெனி காட்டும் கணக்கை நம்பாமல் வவுச்சரைப் புரட்டுகிறவர் ஆடிட்டர். லேபிளை நம்பாமல் பாட்டிலுக்குள் இருப்பதைப் புரட்டுகிறவர் கெமிஸ்ட். முதல் ஆளை 'ஆடிட்டர் சார்' என்று எழுந்து நின்று கும்பிடுகிறோம். இரண்டாவது ஆளுக்குப் 'பாட்டில் கழுவுறவன்' என்று பெயர். கணக்கு தப்பினால் பணம் போகும். பாட்டில் தப்பினால் என்ன போகும்?

2025 அக்டோபரில் பார்த்தோமே. மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டத்திலும் சுற்று வட்டாரத்திலும் இருமலுக்குச் சிரப் குடித்த குழந்தைகளுக்குக் கிட்னி பழுதாகி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த மருந்து தயாரானது எங்கேயோ இல்லை, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். கால்குலேட்டர் எடுக்க வேண்டாம், நானே போட்டுவிட்டேன்: 486 மடங்கு.

எப்படி உள்ளே வந்தது? பாராசிட்டமால் மாதிரி மருந்துகள் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சிரப்பில் கரைப்பானாகப் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். தொழிற்சாலை உபயோகத்துக்கான டைஎத்திலீன் கிளைக்காலும் பார்க்க அப்படியே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை, கொழகொழவென்று இனிப்பாக இருக்கும். கண்ணுக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. நான் கேட்ட அதே கேள்விதான், நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. லேபில் கேஸ் குரோமட்டோகிராஃபியில் ஏற்றிப் பார்த்தால் தெரியும். நம்ம ரூம்மேட்டுக்குக் குரோமட்டோகிராஃபி சிலபஸ்ஸிலேயே இருக்கிறது.

இது புது விஷமும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை இதே கிளைக்காலில் கரைத்து, ராஸ்பெர்ரி ருசி சேர்த்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் செத்தார்கள். விஷமா இல்லையா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற சட்டமே அன்றைக்கு இல்லை. 'எலிக்ஸிர்' என்று பெயர் போட்டால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை என்று லேபிள் குற்றம் சொல்லித்தான் சரக்கைப் பறிமுதல் செய்ய முடிந்தது. அடுத்த வருஷமே, 1938-ல், புதுச் சட்டம் வந்தது. நம்ம நாட்டில் 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் இதே விஷம் கலந்த கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். 2022-ல் காம்பியாவில் 70 குழந்தைகள் வரை இறந்தபோது, இந்தியாவில் தயாரான சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதற்கு மூன்று வருஷம் கழித்து சிந்த்வாரா. ஒரே விஷம், ஒரே மாதிரி தப்பு, எண்பத்தெட்டு வருஷமாக!

"அதெல்லாம் சரிப்பா, மருந்துக் கம்பெனியில் லேபும் அனலிஸ்ட்டும் இருக்கணும்னு சட்டமே இருக்கே, அப்புறம் எப்படி நடந்தது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தரக்கட்டுப்பாடு உற்பத்திப் பிரிவுக்குக் கட்டுப்படாமல் தனியாக இயங்க வேண்டும் என்று ஷெட்யூல் எம் விதிகள் சொல்கின்றன. ஆனால் சம்பளமும் மரியாதையும் குறைவாக உள்ள ஒருவர், "இந்த பாட்ச் போகக் கூடாது சார்" என்று முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்வாரா? சொன்னாலும் கேட்பார்களா? காஸ்ட் ஷீட் போடும்போது குவாலிட்டி கண்ட்ரோல் எங்கே வரும்? ஓவர்ஹெட்டில். ஓவர்ஹெட் என்றால் நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? குறை! அந்தக் கத்தரிக்கோலைக் கையில் பிடிக்கப் போவது பி.காம்., எம்.பி.ஏ. படிக்கிற நாமதான். அதனால்தான் இதை நான் எழுதுகிறேன்.

கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் நண்பர்கள் இதைப் படித்துக் கை தட்ட வேண்டாம். உங்களுக்கும் இருக்கிறது. ப்ராக்டிகல் பரீட்சைக்கு முந்தின நாளே என்ன உப்பு என்று கேட்டு வைத்துக்கொள்வது யார்? டைட்ரேஷனில் வராத ரீடிங்கை வந்ததாக ரெகார்டு நோட்டில் எழுதுவது யார்? இன்றைக்குப் பத்து மார்க்குக்காகப் பொய் ரீடிங் எழுதிப் பழகின கை, நாளைக்குச் சிரப் பாட்ச்சுக்கும் அதே போல எழுதும். 'இது என்ன பெரிய படிப்பு' என்று ஊர் சொல்வதை நீங்களே நம்பிவிட்டதால் வந்த வினை இது.

என் ரூம்மேட் அப்படி எழுத மாட்டான். ரீடிங் ஒத்து வரவில்லை என்று மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மறுபடி மறுபடி செய்துவிட்டு வருவான், நாங்கள் சிரிப்போம். இந்த மாதிரி ஒருத்தனைத்தான் எம்.பி.ஏ.வுக்குத் தள்ளச் சொல்லி என்னிடம் கேட்கிறார் அவன் அப்பா. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர், மகனுக்கு நல்ல சம்பளம் வர வேண்டும் என்று நினைப்பது தப்பில்லை. அந்த வேலைக்கு நல்ல சம்பளம் தராத நம்ம கணக்குதான் தப்பு.

அங்கிளுக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார். இந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். "அவன் சரியாத்தான் படிக்கிறான் அங்கிள், எம்.எஸ்ஸி.யே பண்ணட்டும்" என்று வாயாலும் சொல்லிவிடுவேன்.

இந்தத் தடவை அதிரசம் கிடைக்காது என்று நினைக்கிறேன். பரவாயில்லை :-)

பி.கு: பி.காம். நண்பர்கள் திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சிரப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது லேபிளில் போட்டிருப்பதுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது?