வலிக்கும் ஒரு மதகு உண்டு

மேட்டூர் அணைப் பூங்கா பக்கம் மீன் வறுவல் கடை. துண்டு மீனைச் சட்டியில் போடும்போது கடைக்கார அக்காவின் விரலில் எண்ணெய் தெறிக்கிறது. கை முதலில் விலகிவிடுகிறது. ‘ஆ’ என்ற சத்தம் அப்புறம்தான். கையை இழுக்கச் சொன்னது மூளை அல்ல, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம். மூளையிடம் கேட்டுவிட்டு இழுத்தால் விரல் வெந்துவிடும்.

ஒரே சூட்டுக்கு இரண்டு வலி. முதலில் ‘சுரீர்’. அதைக் கொண்டுபோகும் நரம்பிழைகளின் வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். பின்னால் வரும் எரிச்சலைச் சுமப்பவை மெல்லிய இழைகள். நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு, ஏறக்குறைய ஆள் நடக்கிற வேகம்!

இந்தச் செய்திகளுக்குத் தண்டுவடத்தில் ஒரு மதகு இருக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் 1965-ல் சொன்னார்கள். நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. அணை நிரம்பினால் 16 கண் மதகைப் பார்க்கக் கூடுகிற ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் சுகமாக இருக்கிறதே? தொடுகைச் செய்தி கொண்டுபோகும் தடித்த இழைகள் மதகைப் பாதி இறக்கிவிடுகின்றன. (தீக்காயத்தைத் தேய்க்கக் கூடாது, ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும்.) மூளையும் மேலிருந்து மதகை இயக்கும். கடையில் கூட்டம் நெரியும்போது தெரியாத எரிச்சல், ராத்திரி படுத்ததும் தெரிவது அதனால்தான். பயமும் தூக்கமின்மையும் மதகை இன்னும் தூக்கிவிடும்.

காயமே இல்லாமலும் வலிக்கும். இழந்துவிட்ட கை வலிக்கிறது என்றவர்களுக்கு, 1990-களில் வி.எஸ்.ராமச்சந்திரன் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்தார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிந்தது. சிலருக்கு வலி தளர்ந்தது. அவர் படித்தது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கும் அதே கவர்னர் ஸ்டான்லியின் பெயர்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அத்தைக்கு மூன்று வருஷமாக இடுப்பு வலி. ஸ்கேன் நார்மல். “சும்மா நடிக்கிறாங்க” என்று ஆளுக்கொரு பேச்சு. ஸ்கேன் எலும்பையும் தட்டையும் காட்டும். மதகு திறந்தே நிற்பதைக் காட்டாது. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்புகள் உஷாராகவே இருந்துவிட்டால், லேசாகத் தொட்டாலே வலியாகும். அந்த வலி நிஜம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் உடற்பயிற்சியும் நல்ல தூக்கமும் உதவும். டாக்டர் மனச்சோர்வுக்கான மாத்திரை எழுதினால், “எனக்கென்ன பைத்தியமா?” என்று அத்தை கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. மேலிருந்து மதகை இறக்கும் நரம்புகளுக்கும் அவற்றில் சில மாத்திரைகள் பலம் தரும்.