தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

தொடக்கநிலை ஐந்து மாணவர்களை வண்டல் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். பிடோக் நீர்த்தேக்கக் கரையில் என்னைக் கண்ட பெற்றோர் ஒருவர், "ஐயா, அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்களே! தமிழில் பொங்கல், தீபாவளி போதாதா?" என்றார்.

போதாது என்பதே என் மறுமொழி.

நாங்கள் நின்ற இடமே ஒரு பாடம். மணல் தோண்டிய பள்ளம் அது. 1986-இல் குடிநீர்த் தேக்கமாயிற்று. தோண்டிய குழிகளுக்கெல்லாம் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. நெய்வேலிச் சுரங்க நீர் சுமந்துவந்த மண், வாலாஜா ஏரியையே தூர்த்துவிட்டது. பின்னர் அதைத் தூர்வார வேண்டியதாயிற்று.

கலங்கல் கண்ணுக்குத் தெரியும் தீங்கு. களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்குவதால் நாள்கணக்கில் மிதக்கின்றன. படிகாரம் இட்டால் அவ்விலக்கம் தணிந்து, துகள்கள் திரண்டு அடியில் படியும். நம் பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் வண்டலைப் படிய வைக்கத்தான்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு வேறு. நிலக்கரிப் படுகைகள் பலவற்றில் பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைடு உண்டு. தோண்டும்போது காற்றும் நீரும் பட்டு அது கந்தக அமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலம் பாறையிலுள்ள அலுமினியத்தைக் கரைக்க, அது படிகாரம் போலவே வண்டலைப் படிய வைக்கும். குளம் பளிங்குபோல் தெளிந்திருக்கும், மீன் வாழாது. வடிகட்டினாலும் கரைந்த உலோகம் பிரியாது. சுண்ணாம்பிட்டு அமிலத்தை முறித்தால்தான் கரைந்த இரும்பு செந்நிறச் சேறாகப் படியும்.

கலங்கல், வண்டல், தூர், தேற்றா... இவற்றுள் எந்தச் சொல்லை நாம் கடன் வாங்கினோம்?

சிங்கப்பூரில் கட்டுமான இடங்களிலிருந்து கால்வாயில் விடும் நீரில், லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் திடப்பொருள் இருத்தல் கூடாது என்பது விதி. அக்கால்வாய்களைக் கடந்துதான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனர். "ஏன் இந்த விதி?" என்று தமிழில் கேட்கத் தெரியாவிடில், தமிழ் அவர்களுக்குப் பண்டிகை உடையாகிவிடும், ஆண்டுக்கு இருமுறை உடுத்தி மடித்து வைப்பார்கள்.

பெற்றோரை மட்டும் குறை கூறேன். மனப்பாடத் தொடர்களால் நிரம்பிய கட்டுரைக்கு மதிப்பெண்ணை அள்ளி வழங்குபவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. பிழையில்லை, கலங்கலில்லை, உயிரும் இல்லை!

இன்று மாலை ஒரு புட்டியில் மண்ணும் நீரும் கலந்து பிள்ளையின் முன் வையுங்கள். காண்பதைத் தமிழில் கூறச் சொல்லுங்கள். தடுமாறட்டும், கலங்கிய பிறகுதானே தெளியும்?