தகர டின்னும் தப்பும்

கையில் ஒரு கரண்டி அகப்பட்டால் அதைக் கொண்டு எதையாவது தட்டிப் பாராத குழந்தை உலகிலே இல்லை. தட்டில் தட்டும், தரையில் தட்டும், கதவில் தட்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலிப்பதைக் கேட்டு அதிசயிக்கும். பெரியவர்களோ, "சத்தம் போடாதே!" என்று அதட்டிக் கரண்டியைப் பறித்துக்கொள்வார்கள். குழந்தை நடத்திக்கொண்டிருந்த ஆராய்ச்சி அத்துடன் முடிந்துவிடுகிறது. பின்னர் அதே பிள்ளை பாடசாலைக்குப் போனதும், வாத்தியம் வாங்க வசதி இல்லையே என்று வருந்துவதில் பயன் என்ன?

மஸ்கெலியாவைப் போன்ற மலையூர்களிலே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் வெளியே ஓடி விளையாட வழியில்லை. லயத்து அறையிலே அடைபட்டுக் கிடக்கும் அந்த நாட்களே வாத்தியம் செய்வதற்கு ஏற்ற நாட்கள். அதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன.

முதலிலே சிரட்டை. தேங்காய் துருவியபின் எஞ்சும் இரு பாதிகளையும் நன்றாகச் சுரண்டித் தும்பு நீக்கி, விளிம்பைக் கரடான கல்லில் தேய்த்து மழமழப்பாக்குங்கள். வாயோடு வாய் பொருத்தித் தட்டினால் ஓர் ஓசை. முதுகோடு முதுகு மோதினால் மற்றோர் ஓசை. நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல தாளம் வேண்டியதில்லை.

அடுத்தது கிலுகிலுப்பை. சிறிய பிளாஸ்டிக் போத்தல்கள் மூன்றை எடுத்து, ஒன்றிலே அரிசியும், ஒன்றிலே கௌப்பியும், ஒன்றிலே சிறு கற்களும் கால் பங்களவு இடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எது எந்தப் போத்தல் என்று பிள்ளை சொல்லட்டும். மூடியைப் பசையிட்டு இறுக்கிவிடுவது பெரியவர்களின் பொறுப்பு. உள்ளே இருப்பது சின்னஞ்சிறு வாய்களுக்குள் போய்விடக் கூடாதல்லவா? சோடா மூடிகளைத் தட்டையாக்கி, நடுவிலே துளையிட்டு, ஒரு பலகைத் துண்டில் ஆணியால் தளர்வாகப் பொருத்தினால் சலங்கை ஆயிற்று. மூங்கில் துண்டிலே வரிசையாக வெட்டுத் தழும்புகள் இட்டு ஒரு குச்சியால் உரசினால் அது தவளைபோலக் கத்தும். துளையிடுவதும் வெட்டுவதும் பெரியவர்களின் கைக்கே உரியவை.

இனி முரசு. காலியான பால்மா டின் ஒன்றின் விளிம்பில் கூர் இல்லாதவாறு மடக்கித் தட்டிவிடுங்கள். அதன் வாயைவிட மூன்று விரற்கடை பெரிதாகத் தடித்த பழுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி, நீரிலே நனைத்து, கோதுமை மாப் பசை பூசி, வாயின் மீது விரித்து இழுத்து நூலால் கட்டுங்கள். அது காய்ந்தபின் மற்றொரு படை. பின்னும் இரண்டு படை. நனைந்த காகிதம் காயும்போது சுருங்கும்; சுருங்கும்போது இறுகும்; இறுக இறுக ஓசை கணீரென்று எழும். இறுகிய முகம் வேகமாக அதிர்வதே அதற்குக் காரணம். பிள்ளைகள் இந்த உண்மையை விஞ்ஞானப் புத்தகத்திலே படிப்பதற்கு முன்பே விரல் நுனியால் அறிந்துகொள்வார்கள்.

ஆனால் மலையிலே மூடுபனி இறங்கிவிட்டால் காகிதம் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். "என் முரசு செத்துப்போயிற்று" என்று பிள்ளை அழும். அப்பொழுது அதை அடுப்பின் அனலுக்குச் சற்று எட்டப் பிடித்துக் காட்டுங்கள். ஓசை மீண்டும் பிறக்கும். தோட்டத்துத் திருவிழாக்களிலே தப்பு அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் தீ மூட்டித் தப்பை வாட்டுவதைப் பார்த்த பிள்ளைக்கு, அதன் காரணம் அந்தக் கணத்திலே விளங்கிவிடும்.

தப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரச் சட்டத்தின் ஒரு பக்கத்திலே தோல் போர்த்து, ஒரு கையில் குறுகிய தடித்த குச்சியும் மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு அடிக்கும் இந்தக் கருவி, தமிழகத்துப் பறையேயாகும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது, தெய்வம், உணவு, மரம் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. நம் முன்னோர் கடல் கடந்து இந்த மலைகளுக்கு வந்தபோது தப்பும் உடன் வந்தது. முற்காலத்தில், விடியுமுன்னே தொழிலாளரைப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது அதன் ஓசைதான். மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில், மன்மதன் எரிந்து ரதி புலம்பும் கதையை நடத்திச் செல்வதும் அதுவே. 1947 ஆம் ஆண்டிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். ஆனால் பாட்டைத் தாளிலே எழுதி வைக்கலாம். தப்பின் அடியைக் கையிலிருந்து கைக்கே கொடுக்க வேண்டும்.

அது கைமாறுவதிலே ஒரு தடை உண்டு. அதை மறைப்பதில் நன்மை இல்லை. தப்படிப்பதை ஒரு சாராரின் தலையிலே கட்டாயக் கடமையாகச் சுமத்தி, அவர்களை ஊர் தாழ்வாக நடத்தியது. அந்தக் கட்டாயத்தை உதறித் தள்ளிய இளைஞர்கள் செய்தது முற்றிலும் நியாயம். எனினும் இழிவு தோலிலும் இல்லை. அடித்த கையிலும் இல்லை. மனிதரை மனிதர் தாழ்த்திய வழக்கத்திலேதான் இருந்தது. வழக்கம் ஒழிய வேண்டும். வாத்தியம் வாழ வேண்டும். டின்னைத் தட்டும் பிள்ளையை நோக்கி, "தப்படிக்கவா போகிறாய்?" என்று ஏளனமாய்க் கேட்கும் ஒரு சொல் இந்த இரண்டையும் தலைகீழாக்கிவிடும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைக் கரும்புத் தோட்டங்கள் நிறைந்திருந்த டிரினிடாட் தீவிலே காண்கிறோம். அடிமைகளாக அங்கே கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் தோல் முரசு அடிப்பதை 1880களில் ஆட்சியாளர் சட்டத்தால் ஒடுக்கினார்கள். மக்கள் மூங்கிலைத் தரையிலே இடித்துத் தாளம் உண்டாக்கினார்கள். 1930களின் இறுதியிலே ஏழை இளைஞர்கள் பிஸ்கட் டின், வர்ண டின், குப்பைத் தொட்டி மூடி என்று கிடைத்த தகரத்தையெல்லாம் தட்டத் தொடங்கினார்கள். பிறகு எண்ணெய்ப் பீப்பாயின் அடிப்பாகத்தைக் குழித்து ஏழு சுரங்களையும் அதிலே எழுப்பினார்கள். தெருப் பொறுக்கிகளின் கூச்சல் என்று இகழப்பட்ட அந்த ஸ்டீல் பான், 1992 ஆம் ஆண்டிலே நாட்டின் தேசிய வாத்தியமாயிற்று. 2023 இலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆகஸ்ட் 11 ஆம் திகதியை அதற்கான உலக நாளாக அறிவித்தது. எல்லாம் தகர டின்னிலே தொடங்கிய கதைதான்!

வாத்தியம் செய்தாயிற்று, இனித் தாளம். சிறு பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம், நடக்கச் சொல்லுங்கள். இடது, வலது என்று காலடி விழும்போதெல்லாம் சிரட்டை ஒலிக்கட்டும். பிறகு அவரவர் பெயரை அசை பிரித்துச் சொல்லித் தட்டட்டும். எட்டு வயதைக் கடந்தவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு கூட்டம் "தகதிமி" என்று நான்காகத் தட்ட, மற்றொரு கூட்டம் அதே வேகத்தில் "தகிட" என்று மூன்றாகத் தட்ட வேண்டும். இரு கூட்டமும் பிரிந்து பிரிந்து சென்று, பன்னிரண்டு அடிகள் முடிந்ததும் மீண்டும் ஒன்றாகத் தொடக்கத்துக்கு வந்து சேரும். அந்தச் சந்திப்பிலே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! கணக்கும் சங்கீதமும் உடன்பிறந்தவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கையை உயர்த்தினால் எல்லா ஓசையும் நின்றுவிட வேண்டும் என்ற ஒரு விதியையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறர் அடிப்பதைக் கேட்கப் பழகாதவனுக்குத் தாளம் வராது. சேர்ந்து வாழ்வதும் அப்படித்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்திலே தப்பு அடிக்கத் தெரிந்த முதியவர் எவரேனும் இருப்பின், அவரைப் பாடசாலைக்கு அழையுங்கள். வருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். வந்தால், ஒரு குருவுக்குரிய ஆசனம் கொடுத்து அமரச் செய்து, பிள்ளைகள் தாங்கள் செய்த டின் முரசுகளோடு அவர் முன்னே அமரட்டும். ஒரு காலத்திலே வேலைக்கு விரட்டிய ஓசையை, அந்தத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தங்கள் மகிழ்ச்சிக்காகத் தாங்களே எழுப்பட்டும்.