மாடா, மலையா, கடலா... எதுக்கு அதிக தில்லு வேணும்?

உளுந்தூர்பேட்டை - சேலம் ரோட்டில் எலவனாசூர்கோட்டையைத் தாண்டி மேற்கே போகும் பைக் கூட்டத்தை நிறுத்திக் கேட்டால், பாதிப் பேர் ‘கல்வராயன் மலைக்கு ட்ரெக்கிங்’ என்பார்கள். ஹெல்மெட்டில் கேமரா, முதுகில் பை. தண்ணீர் பாட்டில் மட்டும் ஆளுக்கு ஒண்ணுதான். ‘சாகச விளையாட்டு’ என்பது இப்போது வார இறுதிப் பொழுதுபோக்கு. ஆனால் எந்தச் சாகசம் உடம்பிடம் என்ன கேட்கும், மனசிடம் என்ன கேட்கும் என்று யோசித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் குறைவு.

நமக்கு நன்றாகத் தெரிந்ததிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜல்லிக்கட்டு. 2017-ல் வந்த விதிகளின்படி வீரர் திமிலை மட்டும்தான் அணைக்கலாம். 15 மீட்டர் தூரம், அல்லது 30 விநாடி, அல்லது காளையின் மூன்று துள்ளல் வரை தாங்கினால் வெற்றி. கொம்பு, வால் பக்கம் கை போகக் கூடாது. ஆக, மொத்த ஆட்டமும் அரை நிமிஷம். கைப்பிடி, தோள், தொடை மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வேலை செய்யணும். மனசுக்கான வேலை வேற. வாடிவாசலில் இருந்து வரும் மாடு இடமா வலமா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் கணிக்கணும். அதைவிட முக்கியம், பிடி நழுவும்போது விட்டுட்டு விலகத் தெரியணும். வீம்புக்குத் தொங்கினால் குத்துதான்.

கடல் இதற்கு நேர் எதிர். பாக் நீரிணையை 1994-ல் 12 வயதில் நீந்திக் கடந்தார் குற்றாலீஸ்வரன். 2022 மார்ச் 20-ல் ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 13 மணி 10 நிமிடங்களில் வந்து சேர்ந்தார். இங்கே எதிரி வேகம் இல்லை, சலிப்பு. கை வலிக்கும், உப்புத் தண்ணீரில் நாக்கு வீங்கும், ஜெல்லி மீன் சுடும். கூடவே படகு வரும், ஆனால் தொடக் கூடாது. ‘ஏறிடலாமே’ என்ற நினைப்பை மணிக்கணக்கில் தள்ளிப் போடணும். அந்தப் பிடிவாதத்துக்கும் எல்லை உண்டு. 1971-ல் பாக் நீரிணையைப் போய்த் திரும்பி நீந்திய வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன், 1984-ல் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் உயிரிழந்தார். அந்தக் கடலின் குளிர் நம்ம கடலில் கிடையாது.

எவரெஸ்ட்டுக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் ஏறியபோது ஊரே கொண்டாடியது. 8,849 மீட்டர் உயரம். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். உடம்பு தளர்வது பெரிய ஆபத்து இல்லை, மூளை மந்தமாவதுதான். தெளிவாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் தெளிவே இருக்காது. அதனால்தான் மதியம் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிடணும் என்று கீழேயே முடிவு செய்துகொண்டு போவார்கள். 1996 மே 10-ல் பலர் அந்த நேரத்தைத் தாண்டியும் ஏறினார்கள். பனிப்புயல் பிடித்துக்கொண்டது. 8 பேர் இறந்தார்கள். ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் என்ற பழுத்த வழிகாட்டிகளும் அதில் அடக்கம்.

‘பயமே இல்லாதவன்தான் சாதிப்பான்’ என்பவர்கள் உடனே அலெக்ஸ் ஹொன்னால்டைச் சொல்வார்கள். 2017 ஜூன் 3-ல் எல் கேப்பிட்டன் பாறையில், சுமார் 900 மீட்டர், கயிறே இல்லாமல் ஏறியவர். ஸ்கேனில் அவர் மூளையின் பயப் பகுதி, மற்றவர்களுக்கு எகிறும் படங்களுக்கும் அசையவில்லை என்பது உண்மை. ஆனால் அதே பாறையில் கயிறு கட்டி அவர் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தார் என்பதையும், 2016-ல் ஏற ஆரம்பித்து, ‘இன்னிக்கு சரியில்ல’ என்று பாதியில் விட்டுட்டு வந்தார் என்பதையும் ரீல்ஸ் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், உடம்புக்கு எவரெஸ்ட்தான் கொடுமை. மனசுக்குக் கடல். ஆனால் அதிகம் பேர் சிக்குவது இந்த ‘பெரிய’ விளையாட்டுகளில் இல்லை, ‘சும்மா ஒரு ட்ரெக்’கில்தான். 2018 மார்ச் 11, தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எவரெஸ்ட் ஏறப் போனவர்கள் இல்லை அவர்கள், வார இறுதிக்கு மலைக்குப் போனவர்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன.

கல்வராயன் மலையில் நாம் ஷூ வாங்கிப் போட்டு ஏறும் பாதையில், அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைச்சுமையோடு இறங்கி வருவார்கள். அதை யாரும் சாகசம் என்று சொல்வதில்லை. வானத்தைப் பார்த்து, ‘இன்னிக்கு மேல போகாதீங்க தம்பி’ என்று அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மேகம் அருவிப் பக்கம் உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, மலை உச்சியில் பெய்த மழை நிமிஷத்தில் வெள்ளமாக வந்துவிடும். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினால், செல்ஃபியை விட்டுட்டுக் கரையேறுங்க. போகும் முன் வனத்துறை அனுமதி, ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணீர், எத்தனை மணிக்குத் திரும்பணும் என்ற கணக்கு. இது மூன்றும் பைக்குக்குப் பெட்ரோல் போடும்போதே முடிவாகியிருக்கணும்.