செடி வாடினால் ஆதாரம், நாம் சொன்னால் புகாரா?

குளத்தில் பச்சைப் பொட்டுகளாய் மிதக்கும் லெம்னாவைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே. ஓஇசிடி அமைப்பின் 221ஆம் சோதனை நெறிமுறை இந்தச் செடியைத்தான் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. சந்தேகமான நீரில் 7 நாள் வளரவிட்டு இலைகளை எண்ணுகிறார்கள். நல்ல நீரில் வளர்ந்ததோடு ஒப்பிடுகிறார்கள். களைக்கொல்லி கலந்திருந்தால் இலை பெருகாது.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் "தண்ணி நெடி அடிக்குது" என்று காலனிப் பெண்கள் சொன்னால் மட்டும் "ஆதாரம் எங்கே?" என்கிறார்கள். பிள்ளைகளின் தோல் அரிப்பு ஆதாரமில்லையா?

லெம்னா மலக்கிருமியைக் காட்டாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஆனால் இலை எண்ண மாணவர்களால் முடியும். எண்ணுங்கள், எழுதி வையுங்கள், முறையான ஆய்வகச் சோதனை கேட்டு மனு போடுங்கள்.

1927இல் மகாத் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தது உரிமைக்காக. அந்த உரிமை நஞ்சில்லாத தண்ணீருக்கும்தான்.